ஒரே டேபிளை நாலு அப்ளிகேஷன் தொட்டால்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் இடத்தில் பில்லிங், ஸ்டோர்ஸ், சம்பளம் எல்லாமே தனித்தனி அப்ளிகேஷன்கள், ஆனால் வாடிக்கையாளர் டேபிளும் ஊழியர் டேபிளும் எல்லோருக்கும் வேண்டும். ஆளுக்கொரு காப்பி வைத்து, ராத்திரியில் ஸ்கிரிப்ட் ஓட்டி சரிக்கட்டுவது போதும் என்றாகிவிட்டது. இப்போது ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதற்குள் அப்ளிகேஷனுக்கு ஒரு ஸ்கீமா (டேபிள்களைப் பிரித்து வைக்கும் தனி அறை மாதிரி), பொதுவானதற்கு ஒரு ஸ்கீமா. தனித்தனி டேட்டாபேஸாகப் பிரித்தால் போஸ்ட்கிரெஸில் குறுக்கே ஃபாரின் கீ (ஒரு டேபிளில் எழுதும் மதிப்பு இன்னொரு டேபிளில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டு) போட முடியாது, அதனால்தான் இப்படி. (மைஎஸ்க்யூஎல்லில் ஒரே சர்வரில் இருந்தால் டேட்டாபேஸ் தாண்டியும் போடலாம்.) ஓடுகிறது, ஆனால் எந்த ஃபீல்டை யார் மாற்றலாம் என்று வாரம் தவறாமல் பஞ்சாயத்து. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

—

டேபிளைப் பகிர்வது சுலபம் நண்பரே, அர்த்தத்தைப் பகிர்வதுதான் கஷ்டம். நான் பார்த்த ஒரு சிஸ்டத்தில் வாடிக்கையாளர் ஸ்டேட்டஸில் 'ஏ' என்றால் நடப்பு, 'டி' என்றால் நீக்கப்பட்டவர், அவ்வளவுதான். கடன் பார்க்கும் டீம் புதிதாக 'எச்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதாவது தற்காலிக நிறுத்தம். பில்லிங் அப்ளிகேஷனின் கோடில் "ஏ இல்லாவிட்டால் நீக்கப்பட்டவர்" என்று எழுதியிருந்ததால் அந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பில்லே போகவில்லை, எரர் என்று எதுவும் வராததால் மாதக் கணக்கு உதைத்தபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் டேபிளுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர், மற்ற எல்லோருக்கும் படிக்க மட்டும் உரிமை. வேறு வழியில்லை என்றால் போஸ்ட்கிரெஸில் அப்டேட் உரிமையை ஒரு குறிப்பிட்ட ஃபீல்டுக்கு மட்டும் கிராண்ட் செய்யலாம், பலருக்கு இது தெரிவதே இல்லை. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி லாகின் கட்டாயம், எல்லோரும் ஒரே யூசரில் நுழைந்தால் யார் மாற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

—

எங்களுக்கு அடி விழுந்தது லாக்கில், அதாவது ஒருவர் வேலை முடியும்வரை டேபிளை மற்றவர்களுக்குப் பூட்டிவைப்பதில். பொது டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்க்க ஆல்டர் டேபிள் கட்டளையை ஓட்டினார்கள், சாதாரணமாகக் கண்ணிமைக்கும் நேர வேலை. ஆனால் ரிப்போர்ட் அப்ளிகேஷன் அந்த டேபிளைத் தொட்ட ஒரு நீண்ட டிரான்ஸாக்ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பை) திறந்தே வைத்திருந்தது. அது முடியட்டும் என்று ஆல்டர் நிற்க, ஆல்டருக்குப் பின்னால் வெறுமனே படிக்கும் செலக்ட்கூட நகராமல் வரிசைகட்ட, சம்பந்தமே இல்லாத அப்ளிகேஷன்கள்கூட சேர்ந்து படுத்துவிட்டன. இப்போது லாக் டைம்அவுட்டை (லாக்குக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை) சில விநாடிக்கு வைத்துவிட்டுத்தான் ஆல்டர், கிடைக்காவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெயர் மாற்றுவது என்றால் இன்னும் மெதுவாக: புது ஃபீல்டைச் சேர்த்து, கொஞ்ச காலம் இரண்டிலும் எழுதி, எல்லா அப்ளிகேஷனும் மாறிய பிறகுதான் பழையதைத் தூக்குவோம்.

—

டேபிளை நேரடியாகக் காட்டாமல் ஆளுக்கொரு வியூ (டேபிளில் வேண்டியதை மட்டும் காட்டும், சேமித்துவைத்த செலக்ட்) கொடுத்துப் பாருங்கள். வியூ பயன்படுத்தும் ஃபீல்டை நீக்கப் போனால் போஸ்ட்கிரெஸே முடியாது என்று தடுக்கும், எந்த வியூ என்றும் சொல்லும், அதைப் பார்த்து எந்த டீமைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும் (அவசரத்தில் கேஸ்கேட் போட்டால் வியூவும் சேர்ந்து போய்விடும், ஜாக்கிரதை). வியூவில் நட்சத்திரம் (எல்லா ஃபீல்டும் என்ற குறி) போட்டு எழுதினாலும் உருவாக்கிய அன்று இருந்த ஃபீல்டுகள்தான் அதில் இருக்கும், பின்னால் சேர்த்தது தானாக வராது. சிலருக்கு இது தொல்லை, எனக்கு இதுதான் வசதி. அப்புறம் ஜாங்கோ மாதிரி வெப் ஃப்ரேம்வொர்க் எதையாவது வைத்திருந்தால் பொது டேபிளைக் குறிக்கும் மாடலில் (கோடில் அந்த டேபிளின் வடிவம்) மேனேஜ்டு என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அப்ளிகேஷனின் மைக்ரேஷனும் (டேபிள் அமைப்பை மாற்றும் கோடு) அந்த டேபிளைத் தன் சொத்தாக நினைத்துக்கொள்ளும்.