ழகரத்தை விடாத ஆசிரியை

2010இல் மகளை இலண்டனில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் அவள் பெயரைப் பாதியாக வெட்டித்தான் எழுதிக் கொடுத்தேன். முழுப் பெயரில் ஒரு ழகரம் உண்டு. வெள்ளைக்காரர் வாயில் அது படும் பாடு எனக்குத் தெரியும். என் பெயரையே வேலையிடத்தில் இரண்டு எழுத்தாக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான்.

முதல் வாரமே வகுப்பாசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய யூதப் பெண்மணி. "வீட்டில் இவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" சொன்னேன். "இன்னொரு முறை." மூன்றாம் முறை என் வாயையே உற்றுப் பார்த்து, நாக்கு எங்கே மடிகிறது என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "சின்னப் பெயரே போதும் மிஸ்" என்றேன். அவர் விடுவதாக இல்லை.

காரணம் டிசம்பரில், பெற்றோர் சந்திப்பில்தான் தெரிந்தது. அவருடைய அம்மா வியன்னாக்காரர். 1939இல், ஒன்பது வயதில், தன்னந்தனியாக இலண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர். நாஜிகளிடமிருந்து யூதப் பிள்ளைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து காப்பாற்ற 1938 டிசம்பரில் தொடங்கி, போர் வெடிக்கும்வரை நடந்த ஏற்பாடு அது. ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் வந்தார்கள். பெற்றோருக்கு அனுமதி இல்லை. கழுத்தில் தொங்கும் அட்டையில் ஓர் எண், பெட்டியிலும் அதே எண். வளர்த்த ஆங்கிலக் குடும்பம் நல்ல குடும்பம்தான். ஆனால் பெயர் வாயில் நுழையவில்லை என்று வேறு பெயர் வைத்துவிட்டார்கள். "பழைய பெயரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டவர்களில் ஒருவரும் போருக்குப் பிறகு மிஞ்சவில்லை" என்றார் ஆசிரியை. குரல் மாறவேயில்லை, அடுத்த நிமிடம் மகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

நானும் கொழும்பிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவன்தான். என் பெயரை யாரும் வெட்டவில்லை. நானே வெட்டினேன்.

ஆசிரியைக்குப் பக்தி அதிகமில்லை. யூதரின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றுவதை மட்டும் விட்டதில்லையாம். கண்டிப்புக்குக் குறைவில்லை, கையெழுத்து கோணினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைப்பார்.

வசந்த காலத்தில் அருங்காட்சியகச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போனேன். திரும்பும்போது நல்ல மழை. மற்ற வகுப்புகள் தலையை எண்ணிப் பஸ்ஸில் ஏறிவிட்டன. இவர் குடைக்குள் நின்று 28 பெயர்களையும் ஒவ்வொன்றாக அழைத்தார். மகளின் முறை வந்தது. ழகரம் பாதி லகரமாக, பாதி ரகரமாக வந்து விழுந்தது. ஊரில் எங்கள் சனத்திலேயே பாதிப்பேர் அதை ளகரமாக்குகிறவர்கள். நான் குறை சொல்ல முடியாது. மகள் "யெஸ் மிஸ்" என்று கத்திக்கொண்டு படியேறினாள்.