மூன்று பிள்ளைகள், ஆண்டுக்கு 61,000 டாலர்: வீட்டிலேயே படிப்பிக்கலாமா?

டீநெக் தாய்:
நியூ ஜெர்சியில் டீநெக் எங்கள் ஊர். பிள்ளைகளுக்குப் பத்து, ஏழு, நான்கு வயது. மூத்தவர்கள் இருவரும் யூதப் பள்ளியில் படிக்கிறார்கள். காலையில் யூத வேதமான தோராவும் ஹீப்ரு மொழியும், பிற்பகலில் கணக்கும் ஆங்கிலமும். செப்டம்பரில் சின்னவளையும் சேர்த்தால் மூவருக்குமாக 61,000 டாலர். பல் மருத்துவர் ஒருவரிடம் வாரம் மூன்று நாள் வேலை பார்க்கும் எனக்கு ஆண்டுக்கு 34,000தான் வருகிறது.

கட்டணச் சலுகை கேட்டோம். வரிப் படிவம், வங்கிக் கணக்கு, கார் வாங்கிய ஆண்டு என எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பஸ்கா பண்டிகைக்கு ஃபுளோரிடா போனது ஏன் என்றும் விளக்கம் கேட்டார்கள். என் தாயார் அங்கே இருக்கிறார், ஐந்து பேரும் அவர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டோம் என்று நாற்பது வயதில் எழுதிக் கொடுத்தேன். 4,000 குறைத்தார்கள். அதற்கு நன்றிக் கடிதமும் எழுதினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அரசுப் பள்ளிக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் ஹீப்ரு நிற்காது. கணவர் பழைய யூதச் சட்ட நூலான தல்மூதில் கித்துஷின் பகுதியைக் காட்டுகிறார்: மகனுக்குத் தோரா கற்பிப்பது தந்தையின் கடமை, தொழில் கற்பிப்பதும், நீச்சலும் என்பாரும் உண்டு. நல்லது, ஆனால் அந்தத் தந்தை காலை ஏழு மணி பஸ்ஸில் நியூயார்க் போகிறவர். எனக்கு ஹீப்ரு வாசிக்க வரும், பொருளில் தடுமாறுவேன். மகன் இடைக்கால அறிஞர் ராஷி தோராவுக்கு எழுதிய உரையைத் தொடங்கிவிட்டான். அதை அச்சிடும் எழுத்து வடிவமே எனக்குப் பிடிபடவில்லை. மூன்று ஆண்டில், பதின்மூன்று வயதில், அவனுக்குப் பார் மிட்ஸ்வா சடங்கு. யாராவது வீட்டில் வைத்துப் படிப்பித்திருக்கிறீர்களா?

நான்கு பிள்ளைகள், ஆறாம் ஆண்டு:
நாங்களும் நியூ ஜெர்சிதான். சட்டத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆறு வயது முதல் பதினாறு வரை பள்ளிக்கு இணையான கல்வி வேறிடத்தில் கிடைத்தால் போதும். முன் அனுமதியும் இல்லை, தேர்வும் இல்லை. ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் கதை வேறு: நியூயார்க்கில் அறிவிப்பு, பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கைத்தான் திரும்பப் போடுங்கள். சலுகை போக நீங்கள் கட்ட வேண்டியது 57,000. வேலையை விட்டால் 34,000 போயிற்று. எங்கள் ஹீப்ரு ஆசிரியருக்கு மணிக்கு 45 டாலர், வாரம் நான்கு மணி நேரம், நாற்பது வாரம்: 7,200. புத்தகம், நீச்சல், அருங்காட்சியகம் என்று இன்னொரு 2,000. மிஞ்சுவது 14,000க்குக் கீழே. வேலையைக் கொஞ்சமாவது வைத்துக்கொள்ள வழி உண்டா என்று முதலில் பாருங்கள். மூல நூல்களுக்குச் செலவில்லை. செஃபாரியா தளத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் ஆண்டு சமையல் மேசையில் மணி அடித்துப் பாடவேளை நடத்தினேன். குளிர்காலத்து ஹனுக்கா பண்டிகைக்குள் எல்லோரும் அழுதுவிட்டோம், நான் உட்பட.

யூதப் பள்ளி ஆசிரியர்:
கித்துஷினோடு தல்மூதின் இன்னொரு பகுதியான பாவா பத்ராவில் 21ஆம் தாளையும் கணவரைப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் தந்தையரே கற்பித்தார்கள். தந்தை இல்லாத பிள்ளை கல்லாமல் போனது. அதனால்தான் தலைமைக் குரு யெகோஷுவா பென் கம்லா ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தினார். ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்ற வரம்பும் அங்கேயே இருக்கிறது.

கட்டணம் அதிகம்தான், மறுக்கவில்லை. என் சம்பளத்தைப் பார்த்தால் அந்தப் பணம் என்னிடம் வரவில்லை என்பது தெரியும். இரண்டு பாடத்திட்டத்துக்கு இரண்டு வரிசை ஆசிரியர்கள், வாசலில் காவலர்கள். ஒரு குடும்பம் விலகினால் அந்தச் சுமை மற்றவர்கள் தலையில் ஏறும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஃபுளோரிடாவுக்கு விளக்கம் கேட்டது அநாகரிகம். ஆனால் சபாத் நாளான சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் உங்கள் மகன் யார் பக்கத்தில் உட்காருவான் என்பதையும் யோசியுங்கள்.

தெற்கே போனவர்:
நாங்கள் ஃபுளோரிடாவுக்கே குடிபெயர்ந்துவிட்டோம். 2023 முதல் அங்கே வருமான வரம்பில்லாமல் மாநில உதவித்தொகை உண்டு, பிள்ளைக்கு ஏறக்குறைய 8,000 டாலர். வீட்டில் படிப்பவர்களுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. வாடகையையும் வீட்டுக் காப்பீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். பாட்டியும் பக்கத்திலேயே இருக்கிறாரே!

டீநெக் தாய்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நடுப்பிள்ளைக்குப் பள்ளியில் உயிர்த்தோழி இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிடாமல் எழுந்து போனாள். அவள் அங்கேயே படிக்கட்டும். மகனும் சின்னவளும் ஓர் ஆண்டு வீட்டில். நான் இரண்டு நாள் வேலைக்குப் போவேன், அந்த நாட்களில் மாமியார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ராஷிக்கு மட்டும் கணவர் காலை ஐந்தே முக்காலுக்கு எழுவாராம். எழுவார் என்று நான் நம்பவில்லை.

ஆறாம் ஆண்டுக்காரரே, உங்கள் ஹீப்ரு ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாரா?