அரிக்கமேடு படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த பழைய வணிகத் துறைமுகம் அரிக்கமேடு பற்றிச் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்க ஆசை.

1945இல் தொல்லியலாளர் மோர்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியச் சிவப்புக் கிண்ணங்களும் மது ஜாடி ஓடுகளும் கிடைத்தன. கண்ணாடி மணிகளும் அங்கேயே செய்திருக்கிறார்கள். எனக்கு முக்கியம், உட்புறம் புள்ளி வளையங்கள் உருட்டிய மெல்லிய தட்டுகள்தான். அதே வகை நம் அநுராதபுரத்திலும் மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையிலும் கிடைத்திருக்கிறது! தமிழ்நாட்டோடு நமக்குள்ள தொடர்பு கோப்பித் தோட்டக் காலத்தில்தான் தொடங்கியது என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் படம் எடுத்தவர்கள் அனுப்ப முடியுமா? தமிழ்க் கட்டுரை இருந்தாலும் சரி. மாந்தை ஓட்டின் படம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும்.