பள்ளியை மாற்றுவது குறித்து அனுபவமுள்ள பெற்றோரிடம் ஆலோசனை வேண்டுகிறேன்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் ஒரே தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். கல்விக் கட்டணம் மட்டுமென்றால் ஒருவாறு சமாளித்துவிடலாம், ஆனால் பேருந்து, சீருடை, பள்ளியிலேயே வாங்க வேண்டிய நோட்டுப் புத்தகங்கள், ஆண்டு விழாவுக்கான ஆடை (ஒரு நாள் உடுத்துவதற்கு!) எனத் தனித்தனியாகக் கேட்கப்படும் தொகைகளைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் மலைப்பாக இருக்கிறது.

ஆண்டுக்கு 10 விழுக்காடு உயரும் கட்டணம் ஏறத்தாழ 7 ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும் என்பதையும், மகன் உயர்நிலை வகுப்புகளை எட்டும் அதே காலத்தில் மகள் கல்லூரியில் இருப்பாள் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, இருவரையும் இங்கேயே தொடர்ந்து படிக்க வைப்பது எங்கள் வருமானத்துக்கு இயலாது என்றே தோன்றுகிறது. கடன் வாங்குவதாயின் அதை மேற்படிப்புக்கென ஒதுக்கி வைப்பதே முறை என்பது என் கருத்து.

எனவே, கட்டணம் குறைந்த பள்ளிக்கு மாற்றியவர்கள் எந்த வகுப்பில் மாற்றினீர்கள், பாடத்திட்டம் வேறுபட்டிருந்தால் கணிதத்திலும் அறிவியலிலும் விடுபட்ட பகுதிகளை எவ்வாறு ஈடுசெய்தீர்கள் என்று விளக்கமாக எழுத வேண்டுகிறேன். பொதுத்தேர்வு நெருங்குவதால் மகளை இப்போது மாற்றத் தயங்குகிறேன். மகனை மட்டும் மாற்றினால் அவன் அதைப் பாரபட்சமாக எடுத்துக்கொள்வானோ என்ற கவலையும் இருக்கிறது. அத்தகைய நிலையைச் சந்தித்தவர்கள் பிள்ளையிடம் பணநெருக்கடியை எந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொன்னீர்கள் என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.