சக்கர நாற்காலியில் அம்மா: விமானம் மாற 1 மணி 25 நிமிடம் போதுமா?

மழைக்கிளி:

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை மறுபடியும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. வீட்டுக்குள் நடப்பார், நாலு படி ஏறுவார். விமான நிலையத்தின் தூரத்தையெல்லாம் நடக்க முடியாது. நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும். கையில் இருப்பது 1 மணி 25 நிமிடம். போன முறையும் அதே நிலையம், அதே இடைவெளிதான். அப்போது நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

விமானக் கதவருகே நாற்காலியோடு ஒருவர் காத்திருந்தார். நல்லபடியாகத்தான் தொடங்கியது. லிஃப்ட், நீண்ட நடைபாதை, இன்னொரு லிஃப்ட். ஒரு தூணருகே நாற்காலிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அங்கே அம்மாவை விட்டு, "வேறொருவர் வந்து அழைத்துப் போவார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அம்மாவோடு சேர்த்து ஏழு பேர், எல்லாருமே வயதானவர்கள். மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "பட்டியலில் பெயர் இருக்கிறது, காத்திருங்கள்" என்றார். பத்து நிமிடம் கழித்தும் அதே பதில், 25 நிமிடம் கழித்தும் அதே பதில். நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்றேன். நாற்காலியைப் பயணிகள் எடுத்துப்போக அனுமதி இல்லையாம். எதிரே திரையில் எங்கள் விமானத்துக்கு நேராக 'போர்டிங்' என்று வந்தது, அப்புறம் 'கடைசி அழைப்பு' என்று வந்தது.

அம்மா போர்டிங் பாஸை நாலாக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். மடித்த இடத்தில் கேட் எண்ணே தேய்ந்துபோய்விட்டது. "நான் வேண்டுமானால் நடந்தே வந்துவிடட்டுமா?" என்று மூன்று முறை கேட்டார்.

விமானம் போய்விட்டது. ஒரே டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் காசு வாங்காமல் இடம் கொடுத்தார்கள். அது 9 மணி நேரம் கழித்து. அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் தள்ளிக்கொண்டு வரும்போது பாத்ரூம் போக வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, விமானத்தில் கொடுத்ததையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். விமானத்தைத் தவறவிட்டதைக்கூட மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

இந்த முறை இந்த இடைவெளி போதுமா? அந்தத் தூணருகே மறுபடி மாட்டிக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது?

தரைப்பணி:

நான் பதினோரு வருடம் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்தேன். அதில் நாலு வருடம் இதே நாற்காலிப் பிரிவுதான். உங்கள் அம்மா அந்தத் தூணருகே உட்கார்ந்திருந்ததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த வரிசையைத் தினமும் பார்த்தவன் நான்.

முதலில், டிக்கெட்டில் எந்தக் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். நாற்காலி என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் டபிள்யூ.சி.ஹெச்.ஆர் என்று போட்டுவிடுவார்கள். படி ஏறி இறங்க முடியும், தூரம்தான் நடக்க முடியாது என்று அதற்கு அர்த்தம். கடைசி எழுத்து 'எஸ்' என்றால் படியும் ஏற முடியாது. 'சி' என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். விமானத்தைத் தூரத்தில் நிறுத்திப் பேருந்தில் ஏற்றும் நாளில் இந்த ஒரு எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 'ஆர்' என்றால் ஏணிப்படியில் இறங்கச் சொல்வார்கள், 'எஸ்' என்றால் தூக்கி இறக்கும் வண்டி வரும். விமானத்தின் ஏணி நாலு படியோடு முடிவதில்லை, அதனால் அம்மாவுக்கு 'எஸ்' போடச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

நடுவழியில் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், பல நிலையங்களில் இது அஞ்சல் ஓட்டம் மாதிரி நடக்கிறது. கதவிலிருந்து ஒருவர், அங்கிருந்து இன்னொருவர். ஒரே நேரத்தில் நாலு பெரிய விமானம் இறங்கினால் ஆள் போதாது. அந்த மேசையில் இருப்பவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். விமானத்தை நிறுத்திவைக்க அவரால் முடியாது. அவரிடம் கெஞ்சி நேரத்தை விடாதீர்கள். புறப்பட 50 நிமிடம் இருக்கும்போதே விமானம் மாறுகிறவர்களுக்காக விமான நிறுவனம் வைத்திருக்கும் டிரான்ஸ்ஃபர் மேசைக்குப் போய், "நாற்காலிப் பயணி இன்ன இடத்தில் காத்திருக்கிறார், கேட்டுக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் கேட்டுக்குத் தகவல் சொல்லவும் முடியும், நாற்காலிப் பிரிவை விரட்டவும் முடியும்.

டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் விமானம் நகரும் நேரம். கேட் அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். பயணி ஏறவில்லையென்றால் அவர் பெட்டியையும் தேடி இறக்க வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும். 1985-இல் ஏர் இந்தியா 182 விமானத்தில் ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியது. அதில் இருந்த குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். பெட்டியையும் ஆளையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அதற்கெல்லாம் பிறகுதான் இறுகியது. அதனால் கேட் மூடுகிறார்கள் என்று அங்கே நிற்பவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கோபப்பட வேண்டியது ஆள் குறைத்து வேலை வாங்குகிறவர்கள்மேல்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்: கழிப்பறைக்கு அழைத்துப் போவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 விதியில் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டோம். கேட்காமல் அடக்கிக்கொண்டு வந்து மயங்கி விழுந்தவர்களைத்தான் நாங்கள் பயத்தோடு நினைத்துக்கொள்வோம்.

நீலப்பெட்டி:

1 மணி 25 நிமிடம் போதாது. அப்பாவை இப்படி ஐந்து முறை அழைத்துப் போன அனுபவத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் 'மினிமம் கனெக்டிங் டைம்', அதாவது விமானம் மாறக் குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறையாமல் இருந்தால் ஒரே டிக்கெட்டாக விற்றுவிடுவார்கள். உங்களுடையதும் அப்படி விற்றதுதான். முதல் விமானம் அரை மணி தாமதமானாலும் அந்தக் கணக்கு கலைந்துவிடும். நிறுவனத்தை அழைத்து, அடுத்த இணைப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். நான் எப்போதும் குறைந்தது நாலு மணி நேரம் வைப்பேன்.

எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு தனி டிக்கெட்டாகப் பிரிக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

தண்ணீருக்குக் காலி பாட்டில் கொண்டுபோங்கள். 2006-இலிருந்து 100 மில்லிக்கு மேல் திரவம் கையில் கூடாது என்ற விதி பெரும்பாலான இடங்களில் இன்னும் இருக்கிறது. விமானம் மாறும்போதும் மறுபடி சோதனை வரலாம். காலி பாட்டிலை யாரும் தடுப்பதில்லை. சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

பாதிவழி:

நாலு மணி நேரத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழங்கால் தேய்ந்தவரை அந்த நாற்காலியில் நாலு மணி நேரம் மடக்கி உட்கார வைப்பதும் வேதனைதான். என் அத்தைக்குக் கால் வீங்கிப் போனது. இரண்டரை, மூன்று மணிக்குள் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அப்புறம், எவ்வளவு நேரம் இருந்தாலும் காத்திருக்கும் பகுதி வேண்டாம், நேராகக் கேட்டுக்கே கொண்டுபோங்கள் என்று முதல் ஆளிடமே கேளுங்கள். கேட்டில் காலை நீட்டி உட்காரலாம். அங்கே இருக்கும் ஊழியர் அம்மாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார், விட்டுவிட்டுக் கதவை மூட மாட்டார்.

மழைக்கிளி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை விமான நிறுவனத்தை அழைத்தேன். தரைப்பணி சொன்னது சரிதான், 'ஆர்' என்றுதான் போட்டிருந்தார்கள். 'எஸ்' ஆக மாற்றிவிட்டார்கள். இணைப்பும் 2 மணி 50 நிமிடத்துக்கு மாறிவிட்டது, கூடுதல் பணம் கேட்கவில்லை. மாற்றிய குறியீடு தெரிகிற மாதிரி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி, அதை அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

தரைப்பணி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் வேலையே அதுதானா?" என்று கேட்டார். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். அப்புறம், "பெண் யாராவது வருவார்களா?" என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தரைப்பணி, முன்கூட்டியே அப்படிக் கேட்க முடியுமா?

தரைப்பணி:

கேட்கலாம். பதிவிலேயே குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். ஆள் இருந்தால் அனுப்புவார்கள், உறுதி தர மாட்டார்கள். ஆண் வந்தாலும் கழிப்பறை வாசல்வரைதான் வருவார். உள்ளே எழுந்து உட்கார உதவி வேண்டுமென்றால் நீங்கள் கூடப் போங்கள். அகலமான கதவுள்ள தனி அறையைக் கேளுங்கள், இரண்டு பேரும் தாராளமாகப் போகலாம். விமானம் தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஒருமுறை போய் வந்துவிடுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்தபின் எழ விட மாட்டார்கள்.