நாய்க்கு இரவோடு இரவாக ஆட்டோ பிடிப்பதா, விடியட்டும் என்று இருப்பதா?

கொழுந்துமலை (தலவாக்கலை):
பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீட்டு) நாய் இடுப்போடு மாட்டிக்கொண்டது. அன்று போயா (பௌர்ணமி) விடுமுறை, அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. கம்பியை வெட்டி எடுத்து மஞ்சளை அப்பினார்கள். நாய் எழுந்து நாலு அடி நடந்ததும் "ஒண்ணும் இல்ல, காலையில பார்ப்போம்" என்று படுத்துவிட்டார்கள். கண்டிப் பக்கம் இரவில் எடுக்கும் மிருக வைத்தியர் யாருக்காவது போன் போட்டு அப்போதே கிளம்பியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. சுருக்குக் காயம் வெளியே தெரிவதோடு முடிவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடுதான் மீட்டு உடவளவையில் உள்ள வனவிலங்கு வைத்திய நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். வைத்தியர்கள் பார்த்தும் சில நாளில் செத்தது. மஞ்சள் என்ன செய்யும்?

பழைய பேரட்டு (பொகவந்தலாவை):
தம்பி, ராத்திரியில் கண்டிக்குப் போய்வர ஆட்டோக்காரர் என்ன கேட்பார் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள். பறித்த தேயிலைக் கொழுந்து கிலோ குறைந்தால் அதுவும் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். வலி வந்த பிள்ளைத்தாய்ச்சியைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன தோட்டங்கள் இவை. இந்த ஊரில் நாய்க்கு ஆட்டோ பிடிக்காதவனை ஈவிரக்கம் இல்லாதவன் என்கிற தொனியில் எழுதாதீர்கள். முதலில் அந்தக் கம்பியை வைத்தவனைக் கேளுங்கள்.

பூனைவீடு (பண்டாரவளை):
ஐயா சொல்லும் காசுக் கணக்கு உண்மை. அதற்காக எல்லாவற்றையும் விடியும்வரை போட்டுவைக்க முடியாது. கடுவன் பூனை மூலையில் குந்தி முக்குகிறது, சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து ஆமணக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். அது மூத்திர அடைப்பு. இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும், மற்ற நேரத்தில் எவ்வளவு திடமான பூனையாக இருந்தாலும் சரி.

பாமசி மேசை (ஹட்டன்):
நான் மருந்துக் கடையில் நிற்கிறவன். "பூனைக்குக் காய்ச்சல், அரைப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கவா?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கொடுக்கவே கூடாது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து மண் நிறமாகும், ஈறு நீலம் பாரிக்கும், முகம் வீங்கும். ஒரே குளிசை போதும் சாவதற்கு. மனிதர் அளவுக்கு மிஞ்சிப் பனடோல் விழுங்கினால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் அசிட்டைல்சிஸ்டீன்தான் பூனைக்கும் மாற்று மருந்து. அதுவும் சில மணி நேரத்துக்குள் போனால்தான் பலன். இன்னொன்று, நஞ்சு தின்ற நாயை வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நஞ்சு விட்டதை உப்பு முடித்துவிடும்.

பழைய பேரட்டு:
பனடோல் விசயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொட்டதற்கெல்லாம் டொக்டர் என்று பயங்காட்டுவதும் தப்பு. மழைக்காலத்தில் நாய் தும்மித் தும்மி ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் சொட்டினால் பாதி நேரம் அட்டைதான். கொஞ்ச நேரம் குடிக்கக் கொடுக்காமல் வைத்திருந்து, மூக்குக்கு நேரே ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிடித்தால் அது தலையை நீட்டும். துணியால் பிடித்து இழுத்துப் போடலாம். இதற்கு எந்த டொக்டரும் வேண்டாம்.

கொழுந்துமலை:
அண்ணே, அட்டைக்கு நானும் போகச் சொல்லவில்லை. எது பொறுக்கும், எது பொறுக்காது என்று பார்க்கத்தான் சொல்கிறேன். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். சிவக்க நேரம் எடுத்தாலோ, ஈறே சுண்ணாம்பு மாதிரி வெளிறிக் கிடந்தாலோ உள்ளே இரத்தம் கசிகிறது, இல்லாவிட்டால் அதிர்ச்சியில் இரத்த ஓட்டம் விழுகிறது. நாலு அடி நடந்தது என்பதெல்லாம் கணக்கே இல்லை. தூக்கும்போது பலகையிலோ விரித்த சாக்கிலோ வைத்துத் தூக்குங்கள், இடுப்பில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். வலியில் வீட்டு நாயும் கடிக்கும், துணியால் வாயைக் கட்டலாம். வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கட்டக்கூடாது.

ஊவா காற்று (பதுளை):
வாயைப் பற்றிப் பேசுகிறபடியால் குறுக்கே வருகிறேன். கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடியும் நாயைக் கண்டால் "எலும்பு சிக்கிவிட்டது" என்று தொண்டைக்குள் கையை விடுகிறார்கள். விசர் நோயிலும் (ரேபிஸ்) நாய் அப்படித்தான் நிற்கும். கையை விடாமல் நாயைத் தனியாக அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசிக்குக் காசு இல்லை. இந்த ஒன்றில் விடியும்வரை என்ற பேச்சே வேண்டாம்.

பூனைவீடு:
லயத்துக்கு லயம் மாதம் ஐம்பது ரூபாய் சேர்த்து வைத்தால் ஆட்டோக் காசுக்கு ஆகுமே?

பழைய பேரட்டு:
தங்கச்சி, மரணாதார சங்கத்துக்கே சந்தா ஒழுங்காக வருவதில்லை. மனுசன் சாவுக்குக் கொடுக்காதவன் நாய்க்குக் கொடுப்பானா? எங்கள் வரிசையில் ஆட்டோ ஓட்டும் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பெற்றோல் காசுக்குப் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்னால் முடியும். கம்பி வைப்பதை நிறுத்தச் சொல்லித் தோட்டத் தொரையிடம் (மேனேஜரிடம்) போய் நிற்க யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கு நான் முன்னால் நடக்கிறேன்.

கொழுந்துமலை:
நான் வருகிறேன். சனிக்கிழமை வேலைக்குப் பேர் போட்ட பிறகு போகலாமா?