பூண்டி ரைடுல ஒரு கல். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கா?

கடைசி வண்டி:

பூண்டிக்கு இங்க நிறைய பேர் சைக்கிள் மிதிச்சிருப்பீங்க. திருமங்கலம், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், போக வர நூறு கிலோமீட்டர் பக்கம். அதனால வழியை விட்டுடறேன். அன்னைக்குப் பதினோரு பேர், நான் ஸ்வீப், அதாவது யாரும் பின்தங்கிடாம கடைசியில வர்ற ஆள்.

பூண்டி தொல்பழங்கால அகழ்வைப்பகத்துல நிறுத்தினோம். அங்க இருந்த ஊழியர் கண்ணாடிக்குள்ள இருந்த கைக்கோடரியை, அதாவது கற்கால மனுஷங்க கையில பிடிச்சு வெட்டின கல்லுக் கருவியைக் காட்டி, வெறுங்கையை மடக்கி, "இப்படித்தான் பிடிப்பாங்க சார்"னு காத்துல வெட்டிக் காட்டினார். அதுக்கப்புறம் யாருக்கும் உடனே கிளம்ப மனசு வரலை. இந்த மாதிரிக் கருவிகள் கிடைச்ச அத்திரம்பாக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துடலாம்னு போனோம். ஓடையோரம் மழை அரிச்ச இடத்துல, எங்க குழுவிலேயே சின்னப் பையன் குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தான். உள்ளங்கையில அப்படியே உட்கார்ந்தது. என்னைப் பார்த்துச் சிரிச்சான். ஜெர்சி பின்பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

நான் ஒண்ணும் சொல்லலை. ஸ்வீப்னா கடைசியில வரணும், அவன் எனக்கு நேர் முன்னாடி. வீடு வர்ற வரைக்கும் அம்பது கிலோமீட்டர், அவன் முதுகுல புடைச்சிருந்த அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கிட்டே மிதிச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு. அது கருவியா வெறும் கல்லான்னு கூட எனக்குத் தெரியாது.

பல்லாவரத்துக்காரன்:

வெறும் கல்லாத்தான் இருக்கும். அந்தப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமா? இதுக்குப் போய் ரெண்டு வருஷம் மருகறது அதிகம்னு எனக்குப் படுது.

என் கதை வேற. எங்க ஊர் விசேஷம் தெரியும்ல, 1863 மே 30ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற நிலவியலாளர் கைக்கோடரியை எடுத்தது பல்லாவரத்துல. அவர் சேகரிச்சதுல பெரும்பகுதி பின்னாடி எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஊரைச் சுத்தி எழுபது கிலோமீட்டர் மிதிச்சுட்டு எழும்பூர்ல முடிச்சோம். என் மாமனார் அவரோட பழைய அட்லஸ் சைக்கிள்ல நேரா அங்க வந்து சேர்ந்துக்கிட்டார். வாழ்நாள் பூரா கல் உடைச்சவர்.

கற்கருவி வெச்சிருந்த இடத்துல நின்னுட்டார். ரொம்ப நேரம் பார்த்துட்டு, கண்ணாடி மேல விரலை வெச்சு, "மாப்ள, இங்க அடி பிசகியிருக்கு பாருங்க. அதான் இந்தப் பக்கம் சில்லு பெயரலை. பாதியில போட்டுட்டான்"னார். கூட வேலை பார்த்தவனைப் பத்திப் பேசற மாதிரி. அடுத்த கல்லைக் காட்டி, "இவன் கைகாரன்"னார். நான், "டிபனுக்கு எல்லாரும் காத்திருக்காங்க, வாங்க மாமா"ன்னு கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். அவர் இன்னும் நாலு கல்லைப் படிச்சிருப்பார். இப்போ அவர் இல்லை.

மண்ணும் கல்லும்:

பல்லாவரத்துக்காரரே, உங்க மாமனார் சொன்னதைப் படிச்சு உடம்பு சிலிர்த்துது. ஆனா "வெறும் கல்"னு நீங்க எழுதினதை ஏத்துக்க மாட்டேன்.

என் அனுபவம் சின்னது. பூண்டிப் பக்கம் கற்கால மனுஷங்க இருந்த குடியம் குகைக்குப் போன ரைடுல, பெடல்ல மாட்டற கிளீட் ஷூவோட காட்டுப்பாதையில நடந்து கணுக்கால் பிசகி, குகையைப் பார்க்காமலே திரும்பினேன். கூடப் போனவங்க முகத்துல இருந்த பரவசம் இன்னும் உறுத்துது. மாத்துச் செருப்பு எடுத்துட்டுப் போங்க.

கல் விஷயத்துக்கு வர்றேன். அத்திரம்பாக்கத்துல தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழு தோண்டினதுல கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியாச்சு. கல் வெளியில கிடக்கும்போது விண்கதிர் பட்டு அதுக்குள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10ங்கிற ரெண்டு கதிரியக்க அணு வகை உண்டாகும். ஆழமாப் புதைஞ்சதும் அது நின்னுடும். அப்புறம் ரெண்டும் வேற வேற வேகத்துல சிதையும். மிச்சம் இருக்கிற விகிதத்தை வெச்சுத்தான் கல் எப்போ புதைஞ்சதுன்னு கணக்குப் போடறாங்க. அதே இடத்துல மேல் அடுக்குல கைக்கோடரி குறைஞ்சு, வேற விதமாச் செஞ்ச சின்னக் கருவிகள் வருது. அந்த மாற்றம் 3,85,000 வருஷம் முன்னாடின்னு 2018ல சொன்னாங்க. அடுக்கு தெரிஞ்சாத்தான் இதெல்லாம் சொல்ல முடியும். மேலாகக் கிடக்கிற கல்லுக்கும் எந்த ஓடை, எந்தக் கரைங்கிறது முக்கியம். பாக்கெட்டுக்குள்ள போனதும் அந்த விவரம் போயிடுது.

அதனால யாரும் எடுக்காதீங்க. கிடக்கிற இடத்துலயே பக்கத்துல ஒரு சாவியோ பேனாவோ அளவுக்கு வெச்சுப் படம் எடுங்க, போன்ல இடத்தைக் குறிச்சுக்குங்க, தொல்லியல் துறைக்கு எழுதுங்க. ஏற்கனவே எடுத்திருந்தா, கொண்டுபோய் ஓடையில வீசிடாதீங்க. அது தப்புக்கு மேல தப்பு. எங்க எடுத்தீங்கன்னு எழுதி அகழ்வைப்பகத்துல ஒப்படைங்க.

நீலாங்கரை அக்கா:

எடுத்துட்டு வர்றதே பாவம்கிற மாதிரிப் பேசாதீங்க. எங்க ஈசிஆர் ரைடுல முட்டுக்காடு தட்சிணசித்ராவுல நிறுத்துவோம். அங்க இருக்கிற பழைய வீடுகளை ஊர் ஊராப் பிரிச்சுக் கொண்டு வந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. இல்லேன்னா மரமெல்லாம் விறகாப் போயிருக்கும். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில எங்ககூட வந்த அம்மா ஒருத்தங்க, ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க பொறந்த வீட்டை வித்துட்டாங்களாம். தண்ணி பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு, கொடுக்கவும் தெரியாம, நகரவும் தெரியாம நின்னேன்.

மண்ணும் கல்லும்:

அக்கா, அவங்க ஒவ்வொண்ணையும் அளந்து, எங்கிருந்து வந்ததுன்னு எழுதி வெச்சுக் கொண்டு வந்தாங்க. நான் சொல்றதும் அதுதான்.

கடைசி வண்டி:

நேத்து அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன். இப்போ பெங்களூர்ல இருக்கான். "அதுவா அண்ணா, இருக்கே. பால்கனிக் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் கொடுத்திருக்கேன்"னான். நான் எல்லாத்தையும் சொன்னேன், அன்னைக்கே சொல்லாம விட்டதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ஓடை வளைவு எனக்கு ஞாபகம் இருக்குண்ணா, அங்க ஒரு பனைமரம் நின்னுது"ன்னான்.

அடுத்த மாசம் எடுத்துட்டு வர்றான். ரெண்டாவது ஞாயிறு, காலைல நாலரை மணி, திருமங்கலம். வர்றவங்க சொல்லுங்க. பல்லாவரத்துக்காரரே, நீங்களும் வாங்க. டிபனுக்கு அவசரம் இல்லை.